கேமரா கேட்ட பெயர்

மூட்டு அறுவைக்குப்பின் வீட்டோடு இருந்த மயில்சாமி, பெருந்துறையில் உள்ள தம் பாத்திரக்கடையின் கேமராக்களைக் கைப்பேசியில் இணைத்துப் பார்த்தார். கடைக்குள் பேசுவதைக் கேட்டு, யாருக்கு யார் என்ன உறவு என்பதையும் அக்கேமராக்கள் தாமே எழுதிக் காட்டும். கல்லாவில் இருந்த அவர் மனைவி பூங்கொடியின் தலைக்குமேல் 'உரிமையாளர்' என்றிருந்தது. புதிய விற்பனையாளர் நல்லமுத்துவின் தலைக்குமேலோ 'உரிமையாளரின் கணவர்' என்றிருந்தது.

மயில்சாமிக்கு வயிறு எரிந்தது. உடனே மனைவியை அழைத்தார்.

"கேமரா நல்லமுத்துவை உன்ற புருசன்னு காட்டுது. அவனை என்னன்னு கூப்புடறே?"

"ஏனுங்கன்னுதான். தண்ணிக்கேன் போடறவரையும் அப்படித்தானுங்க கூப்புடறேன். நம்மூருப் பேச்சு கேமராவுக்கு என்னங்க தெரியும்?"

"நாந்தான் புருசன்னு அதுகிட்டச் சொல்லு!"

சொன்னாள். "கணவரின் பெயரைக் கூறவும்" என்றது கேமரா.

பூங்கொடி திகைத்தாள். மணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் அவள் அப்பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. நல்லமுத்துவைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, கேமராவை அண்ணாந்து பார்த்து, நாணத்தோடு மெல்லச் சொன்னாள்: "மயில்சாமி."

திரையில் பிழை உடனே திருந்தியது. மயில்சாமி மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால், தமக்கு ஒருநாளும் வாய்க்காத அந்தக் குழைவு, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒன்றுக்கு வாய்த்துவிட்டதே என்று வயிறு முன்னைவிட எரிந்தது.

"ஏம்புள்ள, அதுக்குச் சரியாக் கேக்கலையாமா" என்றார் அவர். "இன்னொருக்கா சொல்லு. இந்தத் தடவை போன்ல சொல்லு."