பின் பிளாக்காரர்

"என்னய்யா, வீட்டுக்குப் போகவே மனசு வரலையா? வீட்டம்மா அவ்வளவு கறாரா?" என்று பெயிண்டர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். பின் பிளாக்காரரும் சிரித்து வைத்தார். கையிலிருந்த துடைப்பத்தை மட்டும் கீழே போடவில்லை.

முன் பிளாக் டெய்லருக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மற்றவர்கள் சட்டென்று வானத்தைப் பார்க்க, இவர் மட்டும் ஏமாந்துபோய் நேராகப் பார்த்துவிட்டார். அதற்கான பலனை இன்னும் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

முன் பிளாக்கும் பின் பிளாக்கும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்க, நடுவில் கிடந்தது அந்த இடம். உடைந்த நாற்காலிகள், முட்புதர், ஓடாத மோட்டாருக்கு ஒரு ஓட்டை அறை. மாறி மாறிக் குப்பை கொட்டியதிலேயே இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது.

நகராட்சி அதிகாரிதான் சேர்த்து வைத்தார். "ரெண்டு மாசத்துல சுத்தம் பண்ணிக் கேட் போட்டுப் பூட்டுங்க. ராத்திரியில ஒரு ஈ காக்கா உள்ள இருக்கக் கூடாது. இல்லேன்னா குப்பை லாரி நிறுத்த எடுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டெய்லரின் மகளுக்கு மூச்சிரைப்பு. ஜன்னலுக்குக் கீழே குப்பை லாரி நின்றால் வீட்டைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை. காலி செய்து எங்கே போவது என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

முதல் ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். மண்வெட்டியோடு வந்த டெய்லர், தனக்கு முன்பே ஒருவர் அங்கே நிற்பதைப் பார்த்தார்.

"எந்த வீடுங்க?"

"இதோ, பின்னாடிதாங்க" என்று முதுகுப் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார் அவர்.

பின் பிளாக்கில் நேரத்துக்கு வருகிற ஆளும் இருக்கிறாரா என்று டெய்லருக்கு ஆச்சரியம். பேச்சை வளர்க்காமல் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து மாடு மாதிரி உழைத்தது அவர்தான். மற்றவர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், டீ குடித்தார்கள், திடீரென்று போன் வந்து போய்விட்டார்கள். புதரை வெட்டினது, குழி நிரப்பினது, செடி நட்டது எல்லாம் இவர். "மோட்டார் ரூமுக்குள்ள பூரான் கெடக்கு சார், அதை நான் பாத்துக்கறேன்" என்று அதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

இன்றுதான் கடைசி நாள். மதியம் முழுக்கக் கேட்டோடு மல்லுக்கட்டி, கீலுக்கு எண்ணெய் விட்டு, பூட்டு சரியாக விழுகிறதா என்று நாலு தடவை போட்டுப் பார்த்ததும் இவரேதான். சாயங்காலம் அதிகாரி வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். குறை சொல்ல எதுவும் கிடைக்காத வருத்தத்தோடு, "சரி, பூட்டிக்குங்க" என்றார்.

டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் இனி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம். அவரும் போய்க் கட்டையைச் சாய்க்கலாம்.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். டெய்லரும், பின் பிளாக் டீச்சரம்மாவும் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே பின் பிளாக்காரர் ஏற்கெனவே பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"போதும் வாங்க, பூட்டணும்!" என்று கூப்பிட்ட டெய்லர், டீச்சரம்மாவிடம் திரும்பினார். "டீச்சர், உங்க பிளாக்குல இப்படி ஒரு தங்கமான மனுஷன் இருப்பார்னு நான் நெனைக்கவே இல்லை."

"எங்க பிளாக்கா?" டீச்சரம்மா விழித்தார். "உங்களோட வந்தவருன்னுல்ல நான் நெனச்சிட்டிருக்கேன்!"

இருவரும் உள்ளே பார்த்தார்கள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, மெல்ல நடந்து வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் பூட்டிடாதீங்க சார், என் படுக்கைய எடுத்துக்கறேன்."