கேட்காமல் வந்த அப்டேட்

“கேக்காமக் கொள்ளாம என்ட மெஷினுக்குள்ள வாறதுக்கு ஆரு உங்களுக்கு உரிமை தந்த?” என்று ஃபாஹிமா தொலைபேசியில் கேட்டாள்.

மறுமுனையில் லப்டொப் கம்பெனியின் உதவிப் பிரிவு. பேசிய இளைஞன், அது பாதுகாப்புக்கான அப்டேட் என்றும் எல்லோருக்கும் தானாகவே போகும் என்றும் பழகிய பணிவோடு சொன்னான்.

ஃபாஹிமாவின் லப்டொப்பில் இரண்டு சிஸ்டங்கள் இருந்தன. ஒன்று லப்டொப்போடு வந்த கம்பெனி சிஸ்டம். அரச அலுவலகப் படிவங்களுக்கு வேண்டியிருந்ததால் அதை விட்டு வைத்திருந்தாள். மற்றது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். புத்தளம் நகரில் கடை வைத்திருக்கும் நிக்கொலஸிடம் சொல்லி, தனக்கு ஏற்றபடி அதைப் போட்டு எடுத்திருந்தாள். அவளுடைய மொழிபெயர்ப்பு வேலை முழுவதும் அதில்தான். லப்டொப்பை இயக்கியதும் கீழ்நோக்கிய பொத்தானில் ஒரு தட்டு, என்டரில் ஒரு தட்டு. அவ்வளவுதான், உள்ளே போய்விடலாம். இன்று காலை அப்படித் தட்டியபோது ஒரு பதிலும் இல்லை. அணைத்துவிட்டு மறுபடி இயக்கினாள். அப்போதும் இல்லை. முதல்நாள் மாலை, அணைத்த பிறகும் லப்டொப் நெடுநேரம் இரைந்துகொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“ஸ்க்ரீன்ல என்ன தெரியுது மிஸ்?” என்று அவன் கேட்டான்.

“ஒண்டும் தெரியல்ல.”

“கறுப்பா இருக்கா, நீலமா இருக்கா?”

“நிறத்தக் கேட்டு என்ன செய்யப் போறீங்க? நேத்து வேல செஞ்ச மெஷின் இண்டைக்கு வேல செய்யுதில்ல. அதுக்கு வழி சொல்லுங்க.”

இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்றான் அவன். பிறகு கொஞ்சம் அலுப்போடு, “வீட்டில வேற யாரும் இல்லையா? இருந்தா ஃபோனக் குடுங்க” என்றான்.

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. வங்கியானாலும் வைத்தியசாலையானாலும், அவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கதைப்பார்கள். அதற்காகவே கணவன் ஃபஸ்லானை அவள் எங்கும் கூட்டிப்போவதில்லை.

“என்ட மெஷின். நான்தான் கதைக்கிறேன். என்னோடயே கதைங்க” என்றாள்.

அவன் இணைப்பை இன்னொரு பிரிவுக்கு மாற்றினான். அங்கே கொஞ்ச நேரம் இசை கேட்டது. பிறகு அதுவும் துண்டிக்கப்பட்டது.

ஃபாஹிமாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடைபட்டுப்போன அந்த லினக்ஸில்தான் முந்தல் ஊர்ப் பெண்களின் வாக்குமூலங்கள் கிடந்தன. இறால் பண்ணை ஒன்றின் கழிவுநீர் கடலோரக் களப்பில் கலந்து, மீன்கள் செத்து மிதந்து, தண்ணீரில் இறங்கியவர்களுக்கெல்லாம் புண் வந்திருந்தது. அவர்கள் தமிழில் பேசிப் பதிவு செய்து அனுப்பியதை அவள் சிங்களத்தில் எழுதியிருந்தாள். தவமணி என்ற பெண், தன் மகளின் கால் புண்ணைப் பற்றிச் சொல்லும் இடத்தில் குரல் உடைந்து நின்றுவிடுவாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு சொல்லும் பிசகாமல் எழுதியிருந்தாள் ஃபாஹிமா. இன்று மாலைக்குள் அது விசாரணைக் குழுவுக்குப் போகாவிட்டால், நாளை பண்ணைக்காரனின் பேச்சு மட்டும்தான் அங்கே எடுபடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிக்கொலஸ் பூசை முடிந்துதான் கடை திறப்பான். அதுவரை பொறுத்திருந்து, ஜௌபரின் ஆட்டோவைக் கூப்பிட்டு, வீடு இருக்கும் தில்லையடியிலிருந்து புறப்பட்டாள். வழியெல்லாம் ஜௌபரிடம் அந்தக் கம்பெனியைப் பற்றித்தான் பொரிந்து தள்ளினாள். ஜௌபருக்குக் கம்பியூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான்.

நிக்கொலஸ் லப்டொப்பைத் திறந்து இயக்கினான். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு வேலையைத் தொடங்கினான்.

“உள்ளுக்கு எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு மிஸ். அப்டேட் வந்து உங்கட வாசல அடைச்சுப்போட்டு, தன்ட வாசல முன்னுக்கு வெச்சிருக்கு. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? என்ட வீட்டுக்க வந்து என்ட அறையப் பூட்டுறவன், பூட்டினதெண்டு எனக்கொரு சொல்லுச் சொல்லத் தேவல்லயா?”

நிக்கொலஸ் பொத்தான்களைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே கொழும்பு பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போன பிறகு, லப்டொப்பை அவள் பக்கம் நகர்த்தினான். ஃபாஹிமா இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, கடைசிப் பகுதியைச் சரிபார்த்து, வாக்குமூலங்களைக் குழுவுக்கு அனுப்பினாள். கிடைத்தது என்று பதிலும் வந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

“நிக்கொலஸ், திறந்த உடனே நீங்க பேச்சில்லாமப் போனீங்க. காலையில இருந்து அந்த ஸ்க்ரீன்ல என்னதான் இருந்திச்சி?”

“அத விடுங்க மிஸ்.”

“இல்ல, சொல்லுங்க. நாளைக்கு நான் அவங்களுக்கு எழுதோணும்.”

நிக்கொலஸுக்கு அதைச் சொல்லவே வாய் கூசியது.

“பெரிய எழுத்தில இப்பிடிப் போட்டிருந்திச்சு மிஸ்: ‘இந்தத் திரையைப் பார்க்க முடியாதவர்கள், பேசும் குரலை இயக்க மேல்வரிசையின் கடைசிப் பொத்தானை அழுத்தவும்.’”

ஃபாஹிமா கதிரையின் ஓரத்தைத் தடவித் தன் வெள்ளைப் பிரம்பை எடுத்தாள்.