பிரீசர் நின்ற நாள்

"ஏங்க, சீக்கிரம் வாங்க! பிரீசர் நின்னுபோச்சு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் பாய்ந்தார் சூப்பர்வைசர். கையில் அப்போதுதான் வாங்கி வந்த பிளாஸ்டிக் பை ரோல்கள். பக்கத்துக் கடைப் பை மட்டமாக இருக்கிறது என்று சொல்லி, ஊர்க்கோடியில் இருக்கிற கடைக்கு மனைவிதான் அவரைக் காலையிலேயே விரட்டியிருந்தாள்.

பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. கோபம் வந்தால் மனைவிகூட "சூப்பர்வைசர் சார்" என்றுதான் கூப்பிடுவாள்.

ஓய்வு பெற்ற கையோடு மகள் ஒரு வாக்யூம் சீலர் வாங்கி அனுப்பினாள். சாப்பாட்டைப் பையில் போட்டு வைத்தால் காற்றை உறிஞ்சிவிட்டு வாயை ஒட்டிக் கொடுக்கும் மெஷின். அவ்வளவுதான், மனிதர் அதோடு ஐக்கியமாகிவிட்டார். அடுப்பிலிருந்து எது இறங்கினாலும் பாதி தட்டுக்கு, பாதி பைக்கு. ஒவ்வொரு பையிலும் பேட்ச் நம்பர் வேறு. பிரிட்ஜ் போதாமல் பெட்டி பிரீசர் ஒன்றும் வந்து சேர்ந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சில்லை, சிரிப்பில்லை. வெளியே கால் வைப்பதே பை வாங்கத்தான்.

"பையிலேர்ந்து மட்டுமா காத்தை உறிஞ்சறீங்க? இந்த வீட்டுலேர்ந்தே உறிஞ்சிட்டீங்க. எனக்கு மூச்சு முட்டுது" என்று போன வாரம் மனைவி அழாத குறையாகச் சொன்னாள். அவர் காதில் விழவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பிரீசரின் மூடியைத் திறந்து மேலே இருந்த கோழிக்கறிப் பையை அமுக்கிப் பார்த்தார். கொழகொழவென்று உள்ளே போனது.

"ஐயையோ! இளக ஆரம்பிச்சிடுச்சே! பிளக் சரியா இருக்கா பாத்தியா?" என்று பின்னால் கையை விடப் போனார்.

"தொடாதீங்க! நான் கை வச்சேன், சுருக்குனு ஷாக் அடிச்சுது!"

மின்சாரம் என்றாலே அவருக்கு உதறல். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மெக்கானிக்கைக் கூப்பிடு!"

"போன் பண்ணிட்டேன். நாளைக்குத்தான் வருவாராம்."

"நாளைக்கா? அதுக்குள்ள எல்லாம் கெட்டுப்போயிடும். இத்தனை மாச உழைப்பு!"

"கெடறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டா போச்சு."

"யாரு, நாம ரெண்டு பேரா?"

"மாடியில மூணு குடும்பம் இருக்கே, கூப்பிடுங்க."

"நானா? அவங்க மூஞ்சியைக்கூட நான் சரியா பாத்ததில்லை!"

"அப்போ சரி, குப்பையில கொட்டிடலாம்."

குப்பை! அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சூப்பர்வைசர் மாடிப்படியில் தாவி ஏறினார்.

"சார், நான் கீழ் வீடு. எங்க பிரீசர் நின்னுபோச்சு. தயவுசெஞ்சு குடும்பத்தோட சாப்பிட வாங்க. இல்லேன்னா என் கோழி வீணாப்போயிடும்!"

கதவைத் திறந்த பல் டாக்டர் முதலில் மிரண்டுபோனார். அப்புறம் சிரித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

அதே மாடியில் எதிர் வீட்டு பஸ் டிரைவர் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தார். "நல்ல பசி சார். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரலாமா?"

"கூட்டிட்டு வாங்க, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க!"

மேல் மாடியில் இருந்த பேக்கரிக்கார அம்மா, "வெறும் கையோட வரமாட்டேன்" என்று ஒரு கேக்கோடு இறங்கி வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வீடு கொள்ளவில்லை. பெரிய பானை நிறையச் சோறு தயாராக இருந்தது. அடுப்பு மாற்றி அடுப்பு பைகள் சூடாகின. கையில் கத்தரிக்கோலோடு நடுவில் நின்று சூப்பர்வைசர் ஏலம் போட்டார்.

"பேட்ச் பதினாலு, மீன் வறுவல்! யாருக்கு?"

"எனக்கு, எனக்கு!" என்று டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் குதித்தன.

"சார், இந்தப் பல்லு டாக்டருக்கு எலும்பில்லாததா குடுங்க, பல்லு ஆடுதாம்!" என்றார் டிரைவர். டாக்டரே விழுந்து விழுந்து சிரித்தார்.

பேக்கரி அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இது நீங்களே பேக் பண்ணதா சார்? நேத்து செஞ்ச மாதிரி இருக்கே! எங்க கடையில பேக்கிங்னு சொன்னாலே எனக்குத் தலைவலி. நாளைக்குக் காலையில வந்து எங்க பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா? தினமும் வந்தாலும் சந்தோஷம்தான்."

சூப்பர்வைசர் தலையைப் பலமாக ஆட்டினார். கண் கலங்கிப்போய், மசாலா காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

எல்லாரையும் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, விசிலடித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஏய், என் வெள்ளைச் சட்டை எங்க? காலையில பேக்கரிக்குப் போகணும். சாயங்காலம் டிரைவர் கேரம் ஆடக் கூப்பிட்டிருக்காரு. நல்லவேளை பிரீசர் நின்னுது, போ!"

"மெக்கானிக் வருவாரே?"

"எனக்கு ஏது நேரம்? நீயே பாத்துக்கோ."

"சரிங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் சட்டையைத் தேடி உள்ளே போனார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிரீசருக்குப் பின்னால் குனிந்து, காலையில் அவர் குளிக்கப் போனபோது பிடுங்கிப் போட்ட பிளக்கை எடுத்து மறுபடியும் சொருகினாள்.