மணவாளக்குறிச்சி மணல்

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஊருதான் சரியில்ல," என்றார் வேலுமணி.

கட்டிக்கொள்ளப் போகிற அகிலாவை அப்பாவிடம் காட்ட விஷ்ணுதான் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்திருந்தான். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்த அப்பாவும் பிள்ளையும் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். வேலுமணி ஊரைச் சொன்னது அகிலாவுக்குச் சுருக்கென்றது.

"மணவாளக்குறிச்சி மணல்ல கதிர்வீச்சு இருக்குதாமே. நாளைக்குப் பொறக்கிற புள்ளைக்கு ஏதாச்சும் கூடக்கொறைய இருந்துச்சுன்னா?"

"கதிர்வீச்சு எல்லா ஊர் மண்ணுலயும் இருக்கு சார். எங்க ஊர்ல கொஞ்சம் அதிகம். அதனால பிள்ளைங்களுக்குக் குறை கூடினதா ஆராய்ச்சியில தெரியல. மரபணு எங்கேயும் தானா மாறிக்கிட்டுதான் இருக்கும். மாறலைன்னா நாமெல்லாம் இன்னும் மீனா நீந்திக்கிட்டு இருப்போம்."

"எங்க திருவதிகையில அதெல்லாம் மாறாதும்மா. சுத்தமான மண்ணு."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் அவர் மனைவி தமயந்தி.

"பேசிக்கினே இருக்கீங்களே. மொதமொத வூட்டுக்கு வந்த பொண்ணு, கால்ல வுழட்டும். சாக்ஸக் கழட்டிட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க."

"சாக்ஸ எதுக்குடி..."

"கழட்டுங்க."

கழற்றினார். குனிந்த அகிலா நிமிர வெகுநேரமானது. வலது காலில் ஆறு விரல். இடது காலிலும் ஆறு.

"மாமா," என்றாள், முதல் தடவையாக. "திருவதிகை மண்ணை யாராவது சோதிச்சுப் பார்த்திருக்காங்களா?"

விஷ்ணு தன் சாக்ஸ் கால்களை மெல்லச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.