குறையாத மாத்திரை

திங்கட்கிழமை கொடுத்த அட்டையில் பத்து மாத்திரை. வெள்ளிக்கிழமையும் பத்து.

“வலி மாத்திரை ஒண்ணுகூட குடுக்கலையா சார்?” என்றாள் நர்ஸ் எழிலரசி.

“போதை மாத்திரை சிஸ்டர். எங்க மார்க்கத்துல ஆகாது” என்றான் முகமது ஆசிக்.

கட்டிலில் அவன் அத்தா மஸ்தான் பாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புற்றுநோய் எலும்பு வரை போய்விட்டது. வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் மகனிடமிருந்துதான் வரும்.

கடைசிக் காலத்து நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எழிலரசியின் வேலை. பூந்தமல்லிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் ஸ்கூட்டியில் சுற்றுகிறவள். எத்தனையோ மகன்களைப் பார்த்தாயிற்று. இப்படி ஒரு கல்மனசுக்காரனை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ‘சுவாச மெஷின் வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்ததும் இவன்தான். எதிர் ஃபிளாட் சம்பந்தம் மனசு கேட்காமல், இப்படித் துடிக்க விடுவதற்குப் பதில் ஒரு ஊசியைப் போட்டு நிம்மதியாக அனுப்பிவிடலாமே என்றதற்கு, அது ஹராம் என்று சொல்லிவிட்டானாம்.

“உசுர எடுக்கவும் கூடாது, வலிய எடுக்கவும் கூடாது. அப்ப உங்களுக்கு என்னதான் சார் வேணும்?”

ஊருக்குப் போயிருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் இன்றைக்குத்தான் திரும்பியிருக்கிறார், ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் இருங்கள் என்றான் ஆசிக்.

ஹஜ்ரத் வந்தார். ஹாலிலேயே நின்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயிரை முடிக்க ஊசி கேட்டால் கூடாது என்றுதான் சொல்வேன். பயன் தராத மெஷினை வேண்டாம் என்றதில் குற்றமில்லை. ஆனால் வலிக்கு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருக்கச் சொல்லி உனக்கு யார் ஃபத்வா கொடுத்தது என்று ஆசிக்கைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

எழிலரசிக்குப் பரம திருப்தி.

ஏச்சு வாங்கிய ஆசிக்கின் முகமும் மலர்ந்துபோனதுதான் அவளுக்குப் புரியவில்லை.

“இதையே உள்ள வந்து அத்தா காதுல சொல்லுங்க ஹஜ்ரத்” என்று அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான்.

பத்து நிமிடம் கழித்து ஹஜ்ரத் மட்டும் வெளியே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“ஒரு டம்ளர் தண்ணி எடும்மா. பாய் மாத்திரை போட்டுக்கிறாராம்.”

அடுத்த திங்கட்கிழமை எழிலரசி படியேறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. மஸ்தான் பாய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இடியாப்பத்தை ஆட்டுக்கால் பாயாவில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சம்பந்தம்.

“என்னை ஊசி போட்டு அனுப்பச் சொன்னியாமே நைனா. இப்ப இன்னாத்துக்கு என் தட்டாண்ட கைய நீட்ற?”

சம்பந்தத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

எழிலரசிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பாத்தீங்களா சார்? உங்க பிடிவாதத்துல பெத்தவரு நாலு நாள் துடிச்சாரு.”

“தப்புதான் சிஸ்டர்” என்றான் ஆசிக்.

மஸ்தான் பாய் தட்டைக் கீழே வைத்தார்.

“அவன திட்டாதம்மா. வேணாம்னு வாய மூடிக்கினது நானு. ஒரு காலத்துல நான் மொடாக்குடிகாரன். வுட்டு முப்பத்திரண்டு வருசம் ஆவுது. போற நேரத்துல மறுபடியும் போதையான்னு பயந்துட்டேன். அது வெளிய தெரிய வோணாம்னு உங்க எல்லார் திட்டையும் வாங்கிக்கினு கீறான், எம்புள்ள.”