விட்டுவிட்டு வரும் டயல் டோன்

மணி நாலரை. ஆறு மணி வகுப்புக்கு முன் பயிற்சியை மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். லினக்ஸ் மடிக்கணினியின் மோடம் மூன்றாவது முறையாக 'டயல் டோன் இல்லை' என்கிறது. டிரைவர் மென்பொருளை மறுபடி ஏற்றியாயிற்று, தொலைபேசிக் கம்பியையும் மாற்றியாயிற்று. தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நோட்டில் குறித்துவிட்டு ரிசீவரைக் காதில் வைக்கிறேன். டோன் வருகிறது, ஆனால் விட்டுவிட்டு. கேட்காத குரல் செய்தி காத்திருந்தால் அப்படித்தான் வரும். மோடத்துக்கு அது டோனாகவே படுவதில்லை. அந்தச் செய்தி, அப்பா இறந்த அன்று மதியம் அவரே ஆபீஸிலிருந்து பேசிப் பதிந்தது. இருபத்து மூன்று நாளாக யாரும் கேட்கவில்லை.

ஜன்னல் வெயில் அம்மாவின் மடியில் கிடக்கும் அப்பாவின் சட்டைகள் மேல் விழுகிறது. "ஒரு தடவை கேட்டுட்டா லைன் சரியாயிடும்மா," என்கிறேன். "பால் வாங்கணுமான்னு கேட்டிருப்பார். அந்த மனுஷனுக்கு வேற என்ன கேக்கத் தெரியும்?" என்கிறாள். "அப்போ கேட்டுடலாமா?" அம்மா ஒரு சட்டைக் கையை நீவி மடிக்கிறாள். "கேட்டுட்டா, அப்புறம் அவர் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

கையேட்டைப் புரட்டுகிறேன். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது. இரண்டு முறை சரிபார்த்துத் தட்டுகிறேன். மோடம் எண்களைச் சுழற்றி, கீச்சிட்டு, இரைந்து, அடங்குகிறது. பயிற்சி போய்விட்டது. இணைப்பைத் துண்டிக்கிறேன். "அது இருக்கா?" என்கிறாள் அம்மா. ரிசீவரை அவள் காதருகே நீட்டுகிறேன். விட்டுவிட்டு ஒலிப்பதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுக்கிறாள்.