சேவலைப் பிடிக்க ஓர் ஆள்

"கெட்டியாப் பிடி தம்பி. பட்டாளத்துல இருந்தவன் கோழிக்கா இப்படி நடுங்குற?"

லுவா சிரித்துக்கொண்டே சேவலின் கழுத்து இறகுகளைப் பிடுங்கினாள்.

துவான் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'உங்க வீட்டுக்காரரைப் போர்ல பார்த்திருக்கேன் அக்கா' என்று அவன் சொன்னதும், விருந்துக்குச் சேவல் அறுக்கவென்று கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

சட்டைக் கையை மடித்துவிட்டு, சிறகையும் காலையும் சேர்த்துப் பிடித்தான்.

அவன் வந்தது ஒரு நாளைச் சொல்லிவிட்டுப் போக.

லுவாவின் கணவன் தியெப் செத்த நாள் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் போருக்குக் கிளம்பிய நாளிலேயே லுவா இருபத்தைந்து வருடமாகத் திதி கொடுக்கிறாள். உண்மையான நாளில் அவன் பசியோடு வந்து பார்த்தால், அவன் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு இருக்காது. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து துவானுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாள் துவானுக்கு மட்டும்தான் தெரியும்.

கத்தி இறங்கியது. சேவல் உதறியது. சூடான ரத்தம் கிண்ணத்தில் பீய்ச்சி அடித்தது.

அன்று பதுங்குகுழியில் இடுப்பளவு மழைத்தண்ணீர். துவான் தெற்குப் படை, தியெப் வடக்குப் படை. இருவரிடமும் குண்டு தீர்ந்திருந்தது. துவான் துப்பாக்கிமுனைக் கத்தியை அவன் விலாவில் இறக்கினான். மறுபடி இறக்கினான். எலும்பில் சிக்கியதை, வயிற்றில் உதைத்து உருவினான்.

தியெப் கத்தவில்லை. துவானின் மணிக்கட்டைக் கடித்தான்.

உயிர் போன பிறகும் விடவில்லை. கத்திப்பிடியால் தாடையை அடித்து உடைத்துத்தான் துவான் கையை உருவிக்கொண்டான்.

செத்தவன் சட்டைப்பையில் நனைந்த கடிதம் ஒன்று இருந்தது. அதில் லுவாவின் பெயரும் இந்த ஊரும்.

"உள்ள படம் பார்த்தியா? வாயை இறுக்கி மூடிட்டு நிப்பாரு," என்றாள் லுவா. "எல்லாம் வெட்கம். கல்யாணத்தன்னிக்கு எங்க ஆளுங்க முன்னாடி வீரத்தைக் காட்டுறேன்னு கரும்பைக் கடிச்சு, மேல்வரிசையில முன்பல் ரெண்டும் போச்சு. அன்னிக்கெல்லாம் கஞ்சிதான் மாப்பிள்ளைக்கு!"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

சேவல் அடங்கிவிட்டது. துவான் இன்னும் அதை அழுத்திப் பிடித்திருந்தான். மணிக்கட்டில் பிறைபோல வளைந்த பழைய தழும்பு. நடுவில், இரண்டு பல் அகலத்துக்கு, வெறும் தோல்.

இத்தனை வருடமும் அந்த இடைவெளி என்னவென்று அவனுக்குத் தெரியாது. இப்போதுதான் தெரிந்தது.

லுவா கத்தியைக் கீழே வைக்கவில்லை. மறுகையால் அவன் மணிக்கட்டைத் திருப்பினாள். அந்த வெறும் தோலின் மேல் கட்டைவிரலை வைத்தாள். பொருந்தியது.

"எந்த நாளு?"

"அஞ்சாம் மாசம், பதினெட்டு. விடியக்காலம், அக்கா."

கத்தி நுனியிலிருந்து ரத்தம் சொட்டி முடிந்தது.

"அன்னிக்கு வா. சேவலை நீதான் பிடிக்கணும்."

அவன் தலையசைத்தான். எழுந்து போகப் பார்த்தான்.

அவள் கையை விடவில்லை.